இராமநாதபுரம் கடற்கரையில் விண்மீன் பார்த்தல்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில் மன்னார் வளைகுடாவைப் பார்த்து நின்றால், எதிரே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. வட இந்தியாவில் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் போய்விடுகிற தென் சிலுவையும், அதைச் சூழ்ந்துள்ள விண்மீன் கொத்துகளும், ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் உள்ள இந்தக் கரையில் நன்றாகவே மேலெழுந்து தெரியும்.

ஆனால் புதிதாக வருபவர்களில் பலர் முதலில் தொலைநோக்கியை வாங்கிவிட்டு, பிறகு இடத்தைத் தேடி, கடைசியாக விடுமுறை கிடைக்கும் ஏதோ ஒரு நாளில் புறப்படுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. நாள், நேரம், இடம், அனுமதி, கண், பைனாகுலர், அதன்பின் தொலைநோக்கி என்று போனால் மட்டுமே இந்தக் கரை தன்னிடம் உள்ளதைக் காட்டும்.

1. நாட்காட்டியில் நாளைக் குறிக்கவும்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும். தேய்பிறை அஷ்டமியன்று நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும். அன்றிலிருந்து வளர்பிறை திரிதியை வரையிலான பத்துப் பதினோரு நாள்களில் எந்த நாளானாலும், முன்னிரவில் சில மணி நேர முழு இருட்டு உறுதியாகக் கிடைக்கும். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் எவ்வளவு ஒதுங்கிய கரைக்குப் போனாலும் பால்வீதி தெரியாது.

அமாவாசையன்றுதான் போக வேண்டும் என்பதில்லை. தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் அதைத் தவிர்ப்பதே நல்லது. அந்த நாள்களில் இராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் ஆகிய இடங்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் வரும். முந்தைய இரவே வண்டிகள் நிறைந்துவிடும், தங்குவதற்கு அறை கிடைக்காது, கரையெங்கும் விளக்கெரியும். இரண்டு நாள் தள்ளிப் போனால் அதே இருட்டு, கூட்டமின்றிக் கிடைக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. ஆனி, ஆடியில் மழை குறைவு. ஆனால் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும், மேகமும் ஓயாது. தை பிற்பகுதி தொடங்கி வைகாசி முற்பகுதி வரை உள்ள காலமே புதியவர்களுக்கு ஏற்றது. அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், கடலில் படகு விளக்குகள் வெகுவாகக் குறைந்துவிடும். தென் சிலுவை முன்னிரவில் உயர்ந்து நிற்பதும் இதே காலத்தில்தான் என்பது இந்தக் கரைக்கு வாய்த்த நல்ல பொருத்தம்.

2. பார்க்க வேண்டியதன் நேரத்தைக் கணக்கிடவும்

தென் வானத்தைப் பொறுத்தவரை, நேரம் தவறினால் எல்லாம் தவறும். ஒரு விண்மீன் நேர் தெற்கில் தன் உச்சியை அடையும்போதுதான் அதன் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் உள்ள விண்மீனின் ஒளி, தலைக்கு மேல் உள்ளதைப் போல ஏறத்தாழ 3 மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். 10 பாகையில் அது 5 மடங்குக்கும் மேல். கடலோரக் காற்றில் ஈரமும் உப்புத்துகளும் மிகுதி என்பதால் இந்த இழப்பு உள்நாட்டைவிட இங்கே கூடுதலாகத் தெரியும்.

தென் சிலுவை இங்கிருந்து தன் உச்சியில் சுமார் 21 பாகை உயரத்துக்கு வரும். மே நடுவில் இரவு 9 மணியளவில் அது நிகழ்கிறது. கரீனா நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகம் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அதே நேரத்தில் தெற்கைக் கடக்கும். அகத்தியர் விண்மீன் என்று நாம் சொல்லும் கனோபஸ், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 9 மணிக்கு 28 பாகை உயரத்தில் நிற்கும். ஒமேகா சென்டாரி என்னும், விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கோளகக் கொத்து, சிலுவைக்கு ஒரு மணி நேரம் கழித்து 33 பாகை வரை ஏறும்.

ஒவ்வொரு நாளும் ஒரு விண்மீன் 4 நிமிடம் முன்னதாக வரும். மாதத்துக்கு 2 மணி நேரம். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால், மே மாதத்தில் 9 மணிக்கு வருவது ஏப்ரலில் 11 மணிக்கும் மார்ச்சில் நள்ளிரவு 1 மணிக்கும் வரும் என்று தாமாகவே சொல்லிவிடலாம். உச்சிக்கு ஒரு மணி முன்னும் பின்னுமாகவே ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

சூரியன் மறைந்தவுடன் இருட்டிவிடுவதாக எண்ண வேண்டாம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகே வானம் முழுதாகக் கறுக்கும். நம் அட்சத்தில் அதற்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

3. தெற்கு நோக்கிய கரையைத் தேர்ந்தெடுக்கவும்

மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. தேவிபட்டினம், அரியமான், தொண்டி ஆகியவை பாக் நீரிணையை ஒட்டியவை. அங்கே கடல் கிழக்கிலோ வடக்கிலோ இருக்கும், தெற்கே ஊர்களின் வெளிச்சம் இருக்கும். சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர் போன்றவை மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. கடல் இருண்டிருப்பது தெற்கில்தான் வேண்டும் என்பதால் இவற்றில் ஒன்றையே கொள்ளவும். மேற்கே போகப் போகத் தூத்துக்குடியின் ஒளி தென்மேற்கு அடிவானத்தில் வெளிறித் தெரியும். கிழக்கே கீழக்கரை, ஏர்வாடி ஆகியவற்றின் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சிற்றூர்க் கரைகள் பொதுவாக நல்லவை.

தனுஷ்கோடியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மாலைக்குப் பிறகு பார்வையாளர்களை அங்கே தங்க விடுவதில்லை. ஆகவே அதைத் திட்டத்தில் வைக்க வேண்டாம். மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகுக்காரர் யாரேனும் அழைத்துச் செல்வதாகச் சொன்னாலும் போகக் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து வண்டிகளின் முகப்பு விளக்கு நேராக விழாதபடி, இடையில் ஒரு மணல்மேடோ பனந்தோப்போ உள்ள இடமாகப் பார்க்கவும். ஒரே ஒரு லாரி கடந்து போனாலும் அரைமணி நேரம் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகும்.

4. பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வரவும்

புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் படி இது. பகலில் போவதற்குக் காரணங்கள் பல. எங்கே நீர் ஏறும், எங்கே உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் கிடக்கின்றன, எந்தக் கம்பத்தில் தெருவிளக்கு இருக்கிறது, வண்டியைத் திருப்ப இடம் உண்டா என்பவை இரவில் தெரிவதில்லை. நாம் போகும் நாள்கள் அமாவாசையை ஒட்டியவை என்பதால் கடல் ஏற்றமும் அப்போது மிகுந்திருக்கும். கரையில் பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலேதான் கருவிகளை வைக்க வேண்டும்.

அடுத்தது மனிதர்கள். இது எல்லையோரக் கடல். இரவில் கரையில் நின்று விளக்கடித்தால், கடத்தலுக்குச் சைகை காட்டுவதாகக் காவலர்கள் ஐயுறுவது இயல்பே. எனவே உள்ளூர்க் காவல் நிலையத்திலும், அருகில் இருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் நிலையத்திலும், எத்தனை பேர், எந்த நாள், எந்த இடம், எந்த வண்டி எண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளவும். ஊர்த் தலைவரிடமோ ஜமாஅத் பெரியவர்களிடமோ நேரில் போய்ச் சொல்வது அதைவிட முக்கியம். "அண்ணே, ராத்திரி பத்துப் பேரு வெள்ளி பாக்க வர்றோம், லைட்டு போட மாட்டோம்" என்று முன்பே ஒரு வார்த்தை சொன்ன குழுவை யாரும் தொந்தரவு செய்து பார்த்ததில்லை. சொல்லாமல் வந்தவர்களைச் சுற்றி நள்ளிரவில் கூட்டம் கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

உச்சிப்புளிக் கடற்படை விமான தளம், மண்டபம் கடலோரக் காவல்படை நிலையம் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தை விட்டு விலகியிருக்கவும். விண்மீனைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசரை இந்தக் கரையில் பயன்படுத்தவே வேண்டாம். விமானிக்கும் படகோட்டிக்கும் அது கண்ணைப் பறிக்கும்.

வலை உலர்த்தும் இடத்தை மிதிக்காமல் வழி கேட்டு நடக்கவும். கரையேற்றியிருக்கும் வள்ளத்தின் மேல் பையையோ கருவியையோ வைக்க வேண்டுமானால் உடையவரிடம் கேட்டுவிட்டு வைக்கவும். பெண்களும் குழந்தைகளும் வருவதாக இருந்தால், கழிப்பறைக்கு எந்த வீட்டை நாடலாம் என்பதையும் இந்தப் பகல் பயணத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

5. எடுத்துச் செல்ல வேண்டியவை

சிவப்பு வெளிச்சம் தரும் விளக்கு, தரையில் விரிக்கத் தார்ப்பாய், குடிநீர், மூடிய காலணி, தலையில் கட்டத் துண்டு, அச்சிட்ட வான்படம், குறிப்பேடு, பென்சில். கடலோரப் பனியில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். தனிச் சிவப்பு விளக்கு இல்லையென்றால், சாதாரண டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போடலாம். கைப்பேசியில் ஸ்டெல்லேரியம் போன்ற செயலியை வீட்டிலேயே நிறுவி, அதன் இரவுநிலைச் சிவப்புத் திரையைச் சோதித்து, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் கொண்டுவரவும்.

மூடிய காலணியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கடற்கரை மணலுக்குச் செருப்பு போதும். ஆனால் வண்டியிலிருந்து கரைக்கு நடக்கும் புதர்வழியில் விரியன் கிடக்கலாம். அந்தத் தூரத்துக்கு மட்டும் வெள்ளை டார்ச்சைத் தரையை நோக்கி அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கண் பழக்கம் கெடுமே என்று அங்கே கஞ்சத்தனம் கூடாது. கரைக்கு வந்தபின் பழக்கிக்கொள்ளலாம். பாம்பு கடித்தால் கட்டோ கீறலோ போடாமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும். அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதை முன்பே குறித்து வைத்திருக்கவும்.

6. கண்ணை இருட்டுக்குப் பழக்கவும்

விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் முழுத் திறனை அடைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டாலும் அந்தக் கணக்கு மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். மங்கிய சிவப்பு அந்தச் செல்களை அவ்வளவாகத் தாக்காது என்பதே சிவப்பு விளக்கின் காரணம். சிவப்பானாலும் பிரகாசமாக இருந்தால் கெடுதியே.

குழுவில் இதைக் கெடுப்பவை பெரும்பாலும் கைப்பேசியும் காரும்தான். யாருக்கோ ஒரு செய்தி வரும், திரை முகத்தில் ஒளிரும், பக்கத்தில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பேருடைய அரைமணி நேரம் போயிற்று. கைப்பேசியைப் பையில் வைத்துவிடவும். காரைப் புறப்படும் திசை நோக்கி நிறுத்தி, உள்விளக்கை அணைத்துவைக்கவும். இல்லையேல் கிளம்பும்போது பின்னெடுக்கும் வெள்ளை விளக்கு கரை முழுதும் விழும்.

7. முதல் ஒரு மணி நேரம் வெறுங்கண்ணால் பார்க்கவும்

இந்த ஒரு மணி நேரத்தில் கருவி எதையும் பையிலிருந்து எடுக்க வேண்டாம். திசையும் வடிவமும் மனத்தில் பதியாமல் கருவியைத் தொட்டால், எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாது.

முதலில் பெயர் தெரிந்தவற்றைப் பிடிக்கவும். பஞ்சாங்கத்தில் அன்றாடம் படிக்கும் பெயர்கள் பல வானில் கண்ணால் பார்க்கக்கூடியவை. தை, மாசி இரவுகளில் கார்த்திகைக் கொத்தும், சிவந்த ரோகிணியும், வேடன் (ஓரியன்) மண்டலத்தின் தோளில் திருவாதிரையும் தலைக்கு மேல் நிற்கும். சித்திரையில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்திருக்க, அதன் வால் வளைவைப் பின்பற்றி வந்தால் சுவாதியும், தொடர்ந்து வந்தால் சித்திரை விண்மீனும் கிடைக்கும். தென்கிழக்கில் 10 மணிக்குள் கேட்டை செந்நிறமாக எழுந்துவிடும். துருவ விண்மீனை நம்பித் திசை பார்க்க இங்கே முயல வேண்டாம். அது 9 பாகை உயரத்தில் மட்டுமே இருப்பதால் மூடுபனியிலும் ஊர் வெளிச்சத்திலும் பல இரவுகளில் மறைந்துவிடும்.

அடுத்துத் தெற்கே திரும்பவும். புதியவர் ஏறத்தாழ எல்லோரும் இடறும் இடம் இது. தென் சிலுவைக்கு முன்பாக, அதைவிடப் பெரிய, அதைவிட மங்கிய இன்னொரு சிலுவை தெற்கைக் கடக்கும். வேலா, கரீனா மண்டலங்களின் நான்கு விண்மீன்களால் ஆன போலிச் சிலுவை அது. ஏப்ரல் தொடக்கத்தில் 8 மணிக்குக் கரையில் நின்று "கண்டேன்" என்று மகிழ்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கண்டிருப்பார்கள். உண்மையான சிலுவை சிறியது. கையை நீட்டி மூன்று நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறைந்துவிடும். அதற்கு இடப்புறம், அதாவது கிழக்கே, ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்னும் இரு பிரகாசமான விண்மீன்கள் அதைச் சுட்டி நிற்கும். போலிச் சிலுவைக்கு அப்படிச் சுட்டும் இணை இல்லை. எழும்போது சிலுவை இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும், உச்சிக்கு வரும்போதுதான் நிமிரும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

சிலுவையின் நான்கு விண்மீன்களோடு, வலது கைக்குச் சற்றுக் கீழே எப்சிலான் என்னும் ஐந்தாவது மங்கிய விண்மீன் ஒன்று உண்டு. அதன் ஒளித்தரம் 3.6 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கும்). அது வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் அன்றைய தென் அடிவானம் நன்றாக உள்ளது என்று பொருள். நெபுலாக்களைத் தேடப் போகலாம். தெரியாவிட்டால் கடல் மேல் ஈரப்புகை தேங்கியிருக்கிறது. அன்றைக்கு உயரத்தில் உள்ளவற்றைப் பார்த்துக்கொண்டு திரும்புவது மேல்.

8. பைனாகுலரை முதல் கருவியாகக் கொள்ளவும்

10×50 அல்லது 7×50 வாங்கவும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று பெரிய எண்ணைக் காட்டி விற்பவற்றைக் கையில் பிடித்தால் நடுக்கத்தில் ஒன்றும் நிற்காது.

நின்றுகொண்டு பார்க்காமல், தார்ப்பாயில் மல்லாந்து படுத்தோ சாய்வு நாற்காலியில் முழங்கையை ஊன்றியோ பார்க்கவும். கை நிலைத்தால் தெரியும் விண்மீன்களின் எண்ணிக்கையே கூடும். முதலில் கார்த்திகைக் கொத்து. பிறகு வேடனின் இடைவாளில் உள்ள நெபுலா. பிறகு கரீனா நெபுலாவும் அதன் அருகே சிதறிய கொத்துகளும். ஒமேகா சென்டாரி கடைசி. இந்த வரிசையில் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகிறோம். ஒமேகா சென்டாரி பைனாகுலரில் தனித்தனி விண்மீனாகப் பிரியாது, மங்கிய வட்டத் திட்டாகவே தெரியும். அதை நேராக முறைத்துப் பார்க்காமல் சற்றே ஓரமாகப் பார்வையைச் செலுத்தினால் பெரிதாகவும் பிரகாசமாகவும் எழும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை என்பதே காரணம்.

9. தொலைநோக்கியைக் கடைசியாக எடுக்கவும்

புதியவருக்கு 6 அங்குல அல்லது 8 அங்குல டாப்சோனியன், அதாவது தரையில் வைக்கும் எளிய அடித்தட்டில் திருப்பிப் பார்க்கும் ஆடித் தொலைநோக்கி, போதும். பூமியின் சுழற்சிக்கு ஈடுசெய்யும் நிலநடுவரைத் தாங்கியோடு வரும் வகையை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். அதன் அச்சை 9 பாகைக்குச் சாய்க்க வேண்டியிருக்கும். பல தாங்கிகளில் அவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும், துருவ விண்மீனும் சரியாகத் தெரியாமல் போவதால் அச்சை நேராக்குவதே ஒரு வேலையாகிவிடும்.

மணல்தான் இங்கே முதல் எதிரி. வாலிநோக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஒமேகா சென்டாரியைக் கண்ணருகு வில்லையில் அழகாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு விலகினார். அவருடைய தங்கை குனிந்து, "ஒண்ணுமே இல்லயே அண்ணே" என்றாள். அவர் மறுபடி பார்த்தபோது முக்காலியின் ஒரு கால் ஈர மணலில் விரற்கடை அளவு இறங்கிக் காட்சி வேறெங்கோ போயிருந்தது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் கையகலப் பலகைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினால் இந்தத் தொல்லை தீரும். டாப்சோனியனின் அடித்தட்டுக்கு ஒரே பெரிய பலகை வேண்டும்.

இலக்கைப் பிடிக்கக் குழாயின் மேல் பொருத்திய சிறு குறிநோக்கியைப் பகலிலேயே, தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தைப் பார்த்து, முதன்மைக் குழாயோடு ஒத்துவரும்படி திருகிக்கொள்ளவும். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. வடிகட்டியில்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் பார்வை போய்விடும். குறிநோக்கியைச் சரிசெய்வதை இரவில் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் இதிலேயே கழியும்.

எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்கவும். குழாயின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும். 1200 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் வில்லை 48 மடங்கு. அந்த அளவிலேயே ஒமேகா சென்டாரியின் ஓரங்கள் பொடிப்பொடியாகப் பிரியத் தொடங்கும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்டக் காட்சி மங்கும், அலையும். தாழ்ந்த தென் வானில் இது இன்னும் மிகுதி.

10. உப்பிலிருந்து கருவியைக் காக்கவும்

கடற்காற்று கொண்டுவரும் உப்பு, வில்லையிலும் ஆடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் படியும். அதைக் கைக்குட்டையால் துடைத்தால் உப்புப் பொடி பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பின் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த தூய பஞ்சால் அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தொலைநோக்கியின் ஆடியை அடிக்கடி தொடவே வேண்டாம். சிறிதளவு தூசி காட்சியைக் கெடுப்பதில்லை.

பனி படர்வதைத் தடுக்கக் குழாயின் முகப்பில் கறுப்பு அட்டையைச் சுருட்டி நீட்டிக் கட்டவும். பார்க்காத வேளையில், கடலிலிருந்து காற்று வீசும் பக்கத்துக்குக் குழாயின் முதுகைத் திருப்பிவைக்கவும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கருவியைக் கரையில் உடனே திறந்தால் வில்லை முழுதும் வியர்த்துவிடும். பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருக்கவும். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் உலோகப் பகுதிகளை மட்டும் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடவும். ஈரத்தோடு பூட்டிவைத்த வில்லையில் பூசணம் பிடிக்கும்.

11. அங்கேயே எழுதிவைக்கவும்

நாள், நேரம், இடம், எப்சிலான் தெரிந்ததா இல்லையா, எதை எந்தக் கருவியில் பார்த்தோம். இவ்வளவு போதும். முடிந்தால் ஒரு வட்டம் போட்டுக் கண்டதை வரையவும். வரைய முயலும்போது கண் கூடுதலாகக் காணும்.

12. குழுவோடு சேரவும், அல்லது குழு அமைக்கவும்

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டக் கிளைகள் உண்டு. அவர்கள் வான்நோக்கு நிகழ்ச்சிகளை நடத்துவதால், உள்ளூர் ஆசிரியர் ஒருவர் மூலம் அணுகுவது எளிது. தொலைநோக்கி வாங்குவதற்கு முன்பே சேரவும். மற்றவர்களுடைய மூன்று நான்கு கருவிகளில் பார்த்தவருக்குத் தமக்கு எது வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அருகில் குழு இல்லையென்றால் ஐந்தாறு பேரே போதும். ஒருவர் அனுமதிக் கடிதத்துக்கும் ஊராரோடு பேசுவதற்கும், ஒருவர் வண்டிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும், ஒருவர் தொலைநோக்கிக்கு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளவும். வெள்ளை விளக்கை ஏற்றும் உரிமை ஒரே ஒருவருக்கு மட்டும். அவரும் "விளக்கு" என்று உரக்கச் சொல்லி, எல்லோரும் கண்ணை மூடியபின்னரே ஏற்ற வேண்டும். புறப்படும் நேரத்தை முன்கூட்டியே முடிவுசெய்யவும். களைத்துப்போனவர் விடியலுக்கு முன் இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

ஊர்ப் பிள்ளைகள் வந்து நின்றால் அவர்களுக்கே வரிசையில் முதலிடம் கொடுக்கவும். அது அவர்கள் கரை. ஏறி நின்று பார்க்க ஒரு சிறிய முக்காலியை வைத்து, கையைக் குழாயில் ஊன்றாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லவும். பார்த்து முடித்ததும் "தெரிஞ்சுதா?" என்று கேட்காமல், "எப்படி இருந்துச்சு, வட்டமாவா, புள்ளியாவா?" என்று கேட்கவும். வெறுமனே தலையாட்டும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. குவியத் திருகை அந்தப் பிள்ளையின் விரலில் கொடுத்து, அதன் கண்ணுக்குத் தெளியும்வரை மெதுவாகத் திருப்பச் சொல்லி, பின்னால் நிற்பவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லவும்.